மருதாணியா, மாதுளையா?

மேலப்பாளையம் அஸீலா கல்யாண வீடுகளில் பெண்களுக்கு மருதாணி போட்டுவிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் எங்களோடு ஆற்றங்கரைக்குச் செடி பார்க்க வந்துவிடுவாள். நாலு இலை விட்ட கன்று எதைக் கண்டாலும் முதல் ஆளாகப் பெயர் சொல்வாள். ஒன்றாவது சரியாக இருக்க வேண்டுமே! ஊமத்தையைக் கத்தரி என்று சாதித்து, வீட்டுத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, நீளக் குழலாகப் பூத்த பிறகு, "கத்தரி ஏன் கொழாய் ஊதுது?" என்று கேட்ட புண்ணியவதி அவள்.

சரியாகச் சொன்னவர் பெயரோடு செடியின் படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம். அஸீலாவின் பெயர் வந்ததே இல்லை. அது அவளுக்குப் பெரிய மனக்குறை.

போன வாரம் சேரன்மகாதேவிப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய வேலியோரத்தில் கொத்தாகச் சின்னக் கன்றுகள். எதிரெதிராகக் குட்டி இலைகள்.

"மருதாணி!" என்று கத்தினாள்.

"மாதுளைடி," என்றார் பாலாம்பாள் மாமி. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். விட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை. "தப்பா இருந்தா ஒரு மாசம் நீ எந்தச் செடிக்கும் பேர் சொல்லப்படாது. சம்மதமா?"

அஸீலா வாயை மூடிக்கொண்டு இருப்பதா? சோறு தண்ணீர் இல்லாமல்கூட இருந்துவிடுவாள். ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது.

"ரெண்டு கையையும் நீட்டுங்க மாமி. செவந்தா மருதாணி, செவக்காட்டி மாதுளை. நியாயந்தானே?"

இப்படியும் ஒரு ஆராய்ச்சியா! இலைகளைப் பறித்து, வாய்க்கால் கல்லில் அரைத்து, இரண்டு உள்ளங்கையிலும் அப்பிவிட்டாள். அதன்பிறகு மாமியின் கண்ணாடி சரிந்தால் நாங்கள்தான் ஏற்றிவிட வேண்டும். மூக்கு அரித்தால் நாங்கள்தான் சொறிய வேண்டும். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அஸீலா மட்டும் சிரிக்கவில்லை. "கையைப் பைய தொறங்க மாமி, லேசா பாத்துக்கிடுதேன்," என்று பின்னாலேயே அலைந்தாள்.

ஒரு சுற்று நடந்து திரும்பி வந்து, வாய்க்காலில் மாமி கையைக் கழுவினார். இரண்டு கையும் ஆரஞ்சு மிட்டாய் நிறம்!

"செவந்துட்டு! செவந்துட்டு!" என்று அஸீலா குதித்த குதியில் ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று. எதற்கென்று தெரியாமல் நாங்களும் குதித்தோம்.

படம் பிடிக்கும் குமரகுருபரன் வேலியோரம் ஓடினார். செடி எங்கே? மொட்டைக் குச்சிகள்தான் நின்றன. அஸீலாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"அல்லாவே! ஒண்ணையாவது விட்டிருக்கக் கூடாதா நான்?"

"ஏண்டி முழிக்கறே?" என்று மாமி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "குரு, இங்கே வா. இதுதான் செடி, எடு. கீழே அஸீலா பேரைப் பெரிசாப் போடு."