பூவரசு நிக்குதோ?

பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் காய்கறிக் கடையொன்றில் பெட்டி அடுக்குவார், கோடையிலும் கம்பளித் தொப்பி கழற்றாத அந்த அண்ணை. ஊருக்குப் போய்வரும் எங்கள் தீவுக்காரர் எவரிடமும் ஒரே கேள்விதான்: "கடற்கரை றோட்டு வளைவிலை பூவரசு நிக்குதோ?" மரப் பைத்தியம் என்று சிரிப்போம்.

போன வருடம் ஊருக்குப் போய்வந்த என்னையும் கேட்டார். றோட்டை அகட்டி, வளைவை நிமிர்த்தி, காப்பெற் தார் போட்டிருந்தார்கள். மரம் இல்லை. முருங்கைக்காய்க் கட்டோடு காத்து நின்றவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம் அண்ணை, நிக்குது" என்றேன்.

"நல்லது. ஷெல்லடியிலை செத்த தம்பியை அதுக்குக் கீழைதான் புதைச்சனான். வேறை அடையாளமில்லை." ஈரக் கையைத் துடைத்தார். "பிரெஞ்சுப் பாஸ்போட் வந்திட்டுது. வாற கிழமை போறன்."

மற்றவர்களும் இப்படித்தான் ஓம் சொன்னார்களோ, தெரியவில்லை. அவர் திரும்பி வந்துவிட்டாராம். நான் இப்போதெல்லாம் அந்தக் கடை வாசலைத் தவிர்த்து, ரூ பஜோல் தெருவால் சுற்றித்தான் ரயிலுக்குப் போகிறேன்.