மட்டிக்கு நல்ல தண்ணீர்

மகள் போனில் காட்டிய இத்தாலி பாஸ்தாவுக்காக மீஞ்சூரில் மட்டிச் சிப்பி உயிரோடு வாங்கினேன். மணல் போகட்டும் என்று முந்தின நாளே ஊறப்போட்டேன். எங்கள் குழாய்த் தண்ணீரை நம்பாமல், குடிக்கிற கேன் தண்ணீரையே ஊற்றினேன்.

மறுநாள் வேகவைத்தபோது பாதிக்கு மேல் வாய் திறக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, சட்டி மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். மகளோ தட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி பாத்துக்கினே நிக்கிற? நான் தொறக்கிறேன்" என்று கணவர் ஸ்குரூடிரைவரோடு வந்தார். ஒன்றைப் பிளந்ததுமே நாற்றம் குப்பென்று அடித்தது.

"இன்னா தண்ணில போட்ட?"

"நல்ல தண்ணிலதாங்க."

"உப்புத் தண்ணில கீறது நல்ல தண்ணில செத்துப்பூடாதா?"

சட்டியோடு கொட்டினேன். இப்போது மட்டிக்கு உப்புக் கரைத்த தண்ணீர்தான்; வெந்தும் வாய் திறக்காதது குப்பைக்குத்தான். நல்ல தண்ணீர் எங்களுக்கு மட்டும்.