தாங்கும்னு சொன்னவன்

என் தம்பியை டீம்ல எல்லாரும் கழுகுன்னு கூப்பிடுவாங்க. பேருக்குத்தான் உதவி கோச். உண்மையான வேலை ஆளை எடை போடுறது. சம்பளத்துக்கு ஆடுற கூடைப்பந்து டீம் அது. யாருக்கு என்ன வரும், என்ன வராதுன்னு புட்டுப் புட்டு வைக்கணும். மேட்ச் படத்தைச் சத்தமில்லாமப் போட்டு, ஆடுறவங்க காலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். "ஏன்டா, பந்தைப் பார்க்க மாட்டியா?"ன்னா, "பந்தைத்தான் ஊரே பார்க்குதே, அதுக்கு நான் எதுக்கு?"ம்பான். கொழுப்பு.

வீட்டுலயும் அந்தப் புத்தி போகாது. நான் கட்டிக்கப் போறவரை முதல்முதலா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப, ஏற இறங்கப் பார்த்துட்டு, "உயரம் பிரமாதம். இடது பக்கம் திரும்ப வராது. வாய் கொஞ்சம் நீளம்"னான். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அவரும் அதே டீம்தான். கூடைக்கு அடியில நின்னு, இடிச்சு முட்டி மோதிப் பந்தைப் பிடிக்கிற நெட்டை ஆள். என் தம்பிக்கு அவர்னா உயிர். மாமா, மாமான்னு பின்னாடியே சுத்துவான்.

சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி கோச், மேனேஜர், தம்பி மூணு பேரும் ஜன்னல் இல்லாத ஒரு அறையில கதவைச் சாத்திக்குவாங்க. அங்க யார் பேரையும் சொல்லக் கூடாது, சட்டை நம்பர்தான். சொந்தம், நட்புன்னு மனசு இளகிடக் கூடாதாம். ஏழு நல்லா எறியும், தடுக்கச் சொன்னா தூங்கும். மூணு குதிரை மாதிரி ஓடும், மேட்ச் இறுக்கமானா கை நடுங்கும். சந்தையில மாட்டைப் பல்லு பிடிச்சுப் பார்க்கிற கதைதான். என் வீட்டுக்காரர் பதினாலு.

அந்த வருஷம் அவருக்கு வலது முட்டி சரியில்லை. எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்குவார். ஒரு பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியார் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தாங்க. "டீம்ல வேணாம்னுட்டா அங்க போயிடுறேன்"னார். சொல்லும்போதே முகம் செத்துப் போச்சு. எனக்கு என்னவோ அந்த வேலைதான் நிம்மதின்னு பட்டுச்சு. தம்பி எங்க கூடத்தான் இருந்தான். அவர் இறங்குறதையும் பார்த்தான், அந்த முகத்தையும் பார்த்தான்.

அறைக்குள்ள நடந்தது எனக்குப் பின்னாடிதான் தெரியும். "பதினாலு முட்டி எப்படி?"ன்னு கோச் கேட்டிருக்கார். "தாங்கும்"னு சொல்லியிருக்கான் இவன்.

அவன் போட்ட கணக்கு வேற. டீம்ல இன்னொரு நெட்டை ஆள் இருந்தான், தடியன்னு கூப்பிடுவாங்க. மேட்ச் பூரா அவன்தான் ஆடுவான். அவனுக்கு மூச்சு வாங்குறப்ப மாமா கொஞ்ச நேரம் இறங்கினா போதும். அந்த அளவுக்கு முட்டி தாங்கும்தான். மாமா கடைசியா ஒரு வருஷம் ஆசைதீர சட்டையைப் போட்டுக்கட்டுமேன்னு நினைச்சிருக்கான். கோச் என்ன பண்ணார்? பதினாலு திடமா இருக்குன்னா ரெண்டு நெட்டை எதுக்குன்னு, தடியனை வேற டீமுக்குக் கொடுத்துட்டு, தூரத்துல இருந்து எறியிற ஒருத்தனைக் கொண்டு வந்துட்டார். அட மடையா! ஒவ்வொரு ஆளா எடை போடத் தெரிஞ்சவனுக்கு, ஒருத்தனைத் தூக்கிச் சொன்னா இன்னொருத்தன் வெளியே போவான்னு தோணலையே! பார்க்க டீம் பளபளன்னு இருந்துச்சு. கூடைக்கு அடியில என் புருஷன் ஒத்தை ஆள்.

அப்பவாவது வாயைத் திறந்தானா? ஊஹும். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மேட்சுக்கு அப்புறம் சொல்லலாம்னு தள்ளிப் போட்டான். அவர் ஆடிட்டு வந்தா இவன் ஓடிப் போய் ஐஸ் பையை எடுத்துட்டு வருவான். சரியாச் சாப்பிட மாட்டான். காதல் கீதல்னு ஏதாவது இருக்கும்னு நான் கிண்டல் வேற பண்ணேன். பாவி, அப்பவும் சிரிச்சு மழுப்பினான்.

அன்னிக்கு நானும் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். பந்துக்கு எகிறினார், இறங்கும்போது கால் வேற பக்கம் மடங்கிடுச்சு. யாரும் இடிக்கலை, தள்ளலை. அவர் போட்ட அலறல் இன்னும் என் காதுல இருக்கு.

ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் வெளியே வந்தார். கம்பு ஊனி நடக்கலாம், ஓடுறதை மறந்துடுங்கன்னுட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார். தம்பி அந்த நடைபாதைச் சுவத்துல சாஞ்சு நின்னு, "அக்கா, நான்தான் தாங்கும்னு சொன்னேன்"னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டினான். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஓங்கி ஒரு அறை விட்டேன். நர்ஸ் ஓடி வந்தாங்க. "இனிமே என் கண்ணுல முழிக்காதே"ன்னு கத்தினேன். அவன் அடியை வாங்கிக்கிட்டு, "மாமாகிட்டயும் சொல்லிட்டுப் போயிடுறேன்"னான்.

அவர் கண்ணு முழிச்சதும், கட்டிலோரம் நின்னு ஒண்ணு விடாம அவர்கிட்ட சொன்னான். அவர் வாய் நீளமாச்சே, கிழிகிழின்னு கிழிக்கப் போறார்னு நினைச்சேன். கிழிக்கட்டும்னுதான் நானும் நின்னேன்.

அவர் கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ எனக்கு வலிச்சது நிஜமாவே வலிதானா மாப்ள?"ன்னார். "கழுகே தாங்கும்னு சொல்லிட்டான்னு கோச் வந்து சொன்னார். உனக்குத் தெரியாததா, நான்தான் சும்மா பயந்து சாகுறேன்னு நினைச்சுக்கிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அன்னிக்கே வரலைன்னு சொல்லிட்டேன்."