குமரன் அண்ணையின் ஹெட்போன்

சத்தம் வெளியே கசியாத ஹெட்போன் வேண்டும், காது நோகக்கூடாது, நூறு பவுணுக்குள் என்று போன மாதம் குமரன் அண்ணையிடம் கேட்டேன். லண்டன் கோயில் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவர் அவர்.

"நான் புதுசா வாங்கிப் பாவிக்கிறதையே வாங்கு. நாள் முழுக்கப் போடலாம்," என்றார்.

வாங்கினேன். அரை மணித்தியாலத்தில் காது நெரிந்தது. என் காதில்தான் பிழை என்று பொறுத்துக்கொண்டேன்.

இன்று ஹரோவில் ரயில் ஏறினால் எதிரே அண்ணை. தலையில் வேறொன்று, மெத்தென்று.

"அப்ப அது என்னாச்சு, அண்ணை?"

"அது காது நோகுமடா. ஒரு கிழமையிலேயே திருப்பிக் குடுத்திட்டன்."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"நீயும் ஒண்டும் சொல்லேல்லை. உனக்குச் சரியாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்குக் கடையில் திருப்பிக் கொடுக்கும் தவணை நேற்றோடு முடிந்தது.

காது நோகாத ஹெட்போன் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது. இன்றைக்கும் அதைத் தலையில் போட்டிருக்கிற படமும் வேண்டும்.