அளவெட்டியில் கிளித்தட்டும் பத்து மணிப் பூசையும்

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் நானும் கணவரும் கோப்பாயிலிருந்து அளவெட்டிக்குப் போனோம். அங்கிருக்கும் அக்காவின் தொலைபேசி அழைப்புத்தான் காரணம். "அந்தக் காலத்திலை எங்கடை ஐயாமார் விளையாடின மாதிரிக் கிளித்தட்டு வைக்கிறம். புருசன்மார் ஒரு பக்கம், பெண்சாதிமார் மற்றப் பக்கம். தோக்கிற ஆக்கள் மத்தியானம் சமைக்கோணும். வாறியோ?" முதல் நாள் இருபது பேருக்குச் சமைத்த கை என்னுடையது. எப்படிப் போகாமல் இருப்பேன்?

பன்னிரண்டு கிலோமீற்றர். பண்டிகை நாளில் பஸ் குறைவு. ஓட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். விசயத்தைக் கேட்ட சாரதி கண்ணாடியில் கணவரைப் பார்த்து, "அண்ணை, சோறு வடிக்கத் தெரியுமோ?" என்றார்.

"தேத்தண்ணி போடுவன்," என்றார் இவர்.

அம்மன் கோயிலுக்குப் பின்னால், வெறுங்காணியில் சாம்பலால் கோடு போட்டிருந்தார்கள். நடுவே ஒரு நெடுங்கோடு, குறுக்கே நான்கு. குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று மறிப்பார். நெடுங்கோட்டில் ஓடி மறிப்பவர்தான் கிளி. எதிர்ப்பக்கத்தாரில் ஒருவராவது தொடுபடாமல் கடைசிவரை போய்த் திரும்பினால் வெற்றி. ஒருவர் தொடுபட்டாலும் அந்தப் பக்கம் தோல்வி. முன்னைய தலைமுறையில் நடுவரும் இல்லை, விசிலும் இல்லை. பட்டவர் தானே சொல்லிவிட வேண்டும். நாங்களும் அப்படியே ஆடினோம்.

இரண்டு பக்கமும் சமமாக வந்து, கடைசி ஆட்டம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் கிளி. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கடைசிவரை போய்த் திரும்பிவிட்டார். அவருக்கு ஒரேயொரு கோடுதான் பாக்கி. அவரை மூலையில் மடக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பூசை மணி அடித்தது. என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. கண்ணைத் திறந்தால், அத்தான் கோட்டுக்கு வெளியே நின்று "உப்பு!" என்று கத்துகிறார். வென்றவர் போடும் சத்தம் அது.

"மச்சாள் அம்மனைப் பிடிச்சா, என்னை விட்டிட்டா!"

அக்கா விடவில்லை. "மணி கேட்டால் ஆட்டம் நிக்கோணும். ஐயாமார் அப்பிடித்தான்."

"இஞ்சை ஆர் நிண்டது? காட்டு பாப்பம்!" என்றார் அத்தான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நடுப்பெட்டியில் என் கணவர் கும்பிட்ட கையோடு அசையாமல் நின்றார். மெதுவாகக் கையை இறக்கி, "நான் நிண்டனான். அண்ணை, பழைய இடத்துக்கு வாங்கோ," என்றார்.

"டேய், நீ எந்தப் பக்கமடா?" அத்தான் தலையைச் சொறிந்தபடி மூலைக்குத் திரும்பி வந்தார். மறுபடி ஓடினார். முதுகில் ஒன்று வைத்தேன்.

"பட்டிட்டுது," என்று அவரே சொன்னார்.

போக விரும்புபவர்களுக்கு: ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேருங்கள், வெயில் ஏறிவிடும். சாம்பல் கால் முழுக்க ஒட்டும். மாற்றுச் சேலை அவசியம். பெண்கள் மத்தியானம் வேப்பமர நிழலில் காலை நீட்டி இருக்கலாம், நாங்கள் இருந்தோம். கணவர் வைத்த பருப்பு அடிப்பிடித்திருந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.