அவனுக்கு எந்தத் திதி

புரட்டாதித் தேய்பிறையில் எங்கள் வீடுகளில் மாளயம் கொடுப்போம். இறந்தவர் எந்தத் திதியில் போனாரோ அந்தத் திதியில் அவருக்குப் படையல். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை. ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு மட்டும் தனி நாள். அவர்கள் எந்தத் திதியில் போயிருந்தாலும், அமாவாசைக்கு முதல்நாள் வரும் சதுர்த்தசியில்தான் கொடுக்க வேண்டும். இதைக் கைக்கொள்ளாத வீடுகளும் உண்டு. என் மச்சாள் கைக்கொள்பவள்.

மச்சாள் என் மாமாவின் மகள். கட்டைபறிச்சானில் இருந்துகொண்டு வயல் செய்கிறாள். அவளுடைய தம்பி பள்ளிக்கூடத்தை முடிக்காமலே இயக்கத்துக்குப் போனவன். பிறகு ஈச்சிலம்பற்றுக்கு அப்பால் காட்டோரம் நடந்த ஒரு சண்டையில் அவன் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடல் வரவில்லை. பாதை மூடியிருந்த காலம் அது. "ஒரே வெடி, விழுந்த இடத்திலேயே போயிட்டான், வேதனைப்படேல்லை" என்று வந்து சொன்னார்கள். மாமி சாகும்வரை அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். மச்சாள் ஒவ்வொரு புரட்டாதியிலும் சதுர்த்தசியன்று தம்பிக்குச் சமைத்தாள். இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்தபோதுகூட விடவில்லை.

நான் திருகோணமலை நகரில் இருக்கிறேன். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். குளங்களின் நீர்மட்டத்தை நாள்தோறும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. ஓய்வுக்குப் பிறகு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். எங்கள் மாவட்டத்தில் நடந்த யுத்தத்தில் இரண்டு பக்கமும் எத்தனை பேர் நின்றார்கள், இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது அந்தக் கேள்வி.

அதன் முதல் பாதியை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டேன். படைகளின் தொகை சொல்பவரின் தேவைக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஆள் சேர்க்கும்போது ஒரு தொகை, வென்ற பிறகு எதிரிக்கு ஒரு தொகை, தோற்ற பிறகு தனக்கு ஒரு தொகை. முகாமுக்கு அரிசி ஏற்றினவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்கிறார்கள். அதைத்தான் நான் கொஞ்சம் நம்புவேன்.

இரண்டாம் பாதி என்னை விடவில்லை. நான் வாசித்த யுத்த வரலாறுகளில் ஒரு விசயம் திரும்பத் திரும்ப வந்தது. பழைய படைகளில் துவக்கைவிடக் காய்ச்சலும் வயிற்றோட்டமும்தான் கூடுதலான சிப்பாய்களைக் கொண்டுபோயிருக்கின்றன. எங்கள் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரப் படைக்கும் அதே கதிதான். பீரங்கிகள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, நுளம்பு காய்ச்சலைக் காவிக்கொண்டு பின்பக்கத்தால் வந்தது. ஆனால் எங்கள் யுத்தத்தைப் பற்றி ஆரைக் கேட்டாலும் எனக்குக் கிடைத்த விடை, 'சண்டையில' என்பதுதான். கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அதையே எழுதிவந்தேன். மருந்து வராத காட்டில் அத்தனை காலம் இருந்தவர்கள் எல்லோரும் வெடியால் மட்டுமா போயிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். மச்சாளின் தம்பியை மட்டும் அந்த யோசனைக்குள் நான் கொண்டுவரவில்லை. அவன் என்னோடு கடலில் குளித்தவன்.

இந்த வருசம் சிறுபோக நெல்வெட்டு நடந்துகொண்டிருந்தபோது மச்சாள் ரெலிபோன் எடுத்தாள்.

"மச்சான், உங்கட பழைய பஞ்சாங்கங்களைக் கட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ."

"ஏன், என்ன நாள் பார்க்க?"

"வாங்கோவன். ரெலிபோனில கதைக்க ஏலாது."

பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. வயலில் வெட்டுகிற மெசின் நின்றுகொண்டிருந்தது. வீட்டு விறாந்தையில், நெற்தூசி படிந்த சேட்டோடு ஒருவர் கதிரையின் நுனியில் இருந்தார். ஐம்பது வயது சொல்லலாம். அவர்தான் மெசின் ஓட்டுகிறவர். ஊர் ஈச்சிலம்பற்று. மெசின் கிண்ணியாவில் ஒரு முதலாளியுடையது.

நடந்ததை மச்சாளே சொன்னாள். முதல்நாள் தேத்தண்ணி குடிக்க உள்ளே கூப்பிட்டபோது, அந்த மனிதர் சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படத்தைக் கண்டிருக்கிறார். தேத்தண்ணியைத் தொடாமல் நின்றிருக்கிறார். பிறகு, "அக்கா, இவன் என்னோட இருந்தவன். இந்த வீட்டுக்கு அண்டைக்கு ஆள் அனுப்பி, சண்டையில எண்டு சொல்லச் சொன்னது நான்தான்" என்றிருக்கிறார்.

"அப்ப சண்டையில இல்லையோ?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துச் சொன்னார். "காய்ச்சல் ஐயா. மலேரியா. தலைக்கு ஏறிட்டுது. குளிசை முடிஞ்சுபோச்சு. ஒரு கிழமை கிடந்தவன். சண்டை அதுக்குப் பிறகுதான் நடந்தது. அதில செத்த ஆக்களோட இவனையும் சேர்த்துச் சொன்னம். வீட்டுக்கு ஆறுதலா இருக்குமெண்டு நினைச்சம்."

மச்சாள் அழவில்லை. நான் வரமுதல் அழுது முடித்திருக்க வேண்டும். "ஒரு கிழமை, மச்சான்" என்றாள். "அம்மா முதலே போனது நல்லதாப் போச்சு."

பிறகு, "இவர் சொல்லுறார், மல்லித் தண்ணி கேட்டவனாம். அக்கா அவிச்சுத் தாறது மாதிரி, வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு. அங்க காட்டில எங்க மல்லி? இஞ்ச குசினியில போத்தல் நிறைய இருந்தது" என்றாள்.

கட்டைபறிச்சானில் இருந்து அந்தக் காடு தூரமே இல்லை. பாதை திறந்திருந்தால் காலையில் போய்விட்டு மத்தியானத்துக்குத் திரும்பிவிடலாம். இதை நாங்கள் மூன்று பேரும் அறிவோம்.

அந்த மனிதருடைய ரெலிபோன் அடித்தது. "ஓம் முதலாளி, மெசின் நிக்கேல்லை, பெல்ட் பார்க்கிறன்" என்று சொல்லி வைத்தார். மச்சாளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகுதான் என்னை எதற்காகக் கூப்பிட்டாள் என்று சொன்னாள். "இத்தனை வருசமும் சதுர்த்தசியில குடுத்தனான். அது வெடிபட்ட ஆக்களின்ர நாள். இவன் அதில இல்லை. அப்ப நான் குடுத்தது இவனுக்குப் போகேல்லையே. மாளயம் வருது. இவன்ர நாள் எது எண்டு எனக்குத் தெரியவேணும்."

ஐயரைக் கேட்டாளா என்று விசாரித்தேன். கேட்டிருக்கிறாள். திதி தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுங்கோ, பிழையில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"அமாவாசை ஊரில எல்லாருக்கும் உள்ள நாள்" என்றாள் மச்சாள். "அவன் பந்தியில இடிபட்டு நிண்டு சாப்பிடுற ஆள் இல்லை. கலியாண வீட்டிலயே கடைசிப் பந்தி வரைக்கும் பார்த்துக்கொண்டு நிப்பான்."

அது உண்மை.

அந்த மனிதருக்குத் தேதி நினைவில்லை. காட்டில் தேதி பார்ப்பதில்லை என்றார். சண்டை நடந்த தேதியை நான் அறிவேன். அதற்கு முந்திய வாரம் என்பதில் மட்டும் அவர் உறுதியாக நின்றார். ஒரு வாரத்துக்குள் ஏழு திதியாவது இருக்கும். என்ன கேட்டால் விடை வரும் என்று யோசித்து, "அண்டைக்கு நிலவு இருந்ததோ?" என்றேன்.

"இருந்தது. அவனைச் சாரத்தில கிடத்தித் தூக்கிக்கொண்டு போனது நிலவு வெளிச்சத்திலதான். ஆத்துக்கு அங்கால ஒரு வைத்தியர் இருந்தார், அவரிட்ட."

"பொழுதுபடேக்கயே நிலவு வந்திட்டுதோ?"

அவர் யோசித்தார். கை தானாகவே எதையோ கிண்டுவதுபோல அசைந்தது. "இல்லை. பொழுதுபட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவம், பகலில புகை தெரியும். சோறு வடிச்சு, திண்டு, சட்டியும் கழுவிட்டம். இருட்டெண்டால் அப்பிடி இருட்டு. நிலவு வரட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தம். மரத்துக்கு மேல வந்த உடன தூக்கினம். விடியமுதல் போயிட்டான். ஆத்தைக் கடக்கேல்லை."

பூரணையன்று நிலவு பொழுதுபடும்போதே எழும். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் போலப் பிந்தும். ஒரு சோறு வடித்துத் தின்று முடிக்கிற நேரம் பிந்தினால், பூரணை கழிந்து இரண்டாம் இரவு. அந்த வருசப் பஞ்சாங்கத்தை விரித்துப் பார்த்தேன். சண்டைக்கு முந்திய வாரத்தில் பூரணை வந்திருந்தது. இரண்டாம் இரவு துதியை முடிந்து, விடியமுதல் திருதியை பிறந்திருந்தது.

"திருதியை" என்றேன்.

மச்சாள் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சரி" என்றாள்.

எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. மறைக்க வேண்டியதில்லை, காலத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வரும். அந்தச் சூட்டோடு மற்றக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். "வேற ஆர் ஆர் காய்ச்சலில போனவை? நீங்கள் நிண்ட இடத்தில மொத்தம் எத்தனை பேர்?"

அவர் கொஞ்சம் சொன்னார். ஒரு பொடியன் ஆற்றில் போனான். ஒருவனைப் பாம்பு கடித்தது. ஒருவன் தன்னுடைய துவக்கைத் துடைக்கும்போது வெடித்து இறந்தான். எல்லாம் சண்டைக் கணக்கில்தான் போயின என்றார். எதிர்ப்பக்கக் காவலரணில் நின்ற ஒரு இராணுவச் சிப்பாய், தண்ணி அள்ளப் போன இடத்தில் யானை அடித்து இறந்ததையும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அந்தச் சிப்பாயின் வீட்டுக்கு என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. மூடின பெட்டி போயிருக்கும். எங்கோ ஒரு தாய் அதைச் சண்டை என்று நினைத்துப் பிக்குகளுக்குத் தானம் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

நான் அடுத்ததைக் கேட்க வாய் திறந்தேன்.

"மச்சான், போதும்" என்றாள் மச்சாள். "இவர் என்ர வயல் வெட்ட வந்தவர், உங்களுக்குச் சாட்சி சொல்ல வரேல்லை. உங்களுக்குச் செத்த ஆக்கள்தான் சொந்தக்காரர். உயிரோட இருக்கிற ஆளுக்குப் பசிக்கும்."

அந்த மனிதர் எழுந்தார். "பரவாயில்லை அக்கா. ஐயா கேக்கட்டும். இதுவரைக்கும் ஆரும் கேக்கேல்லை." ஆனாலும் மெசினை நோக்கி நடந்துவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இதே யோசனைதான். இறந்தவர் எதனால் இறந்தார் என்று கேட்டபோதெல்லாம், உயிரோடு இருப்பவர்கள் எதைத் தாங்குவார்களோ அதையே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். 'சண்டையில' என்பது இறந்த காரணமாக இல்லாமல் ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. அதற்குக் கீழே காய்ச்சல், பாம்பு, ஆறு, யானை என்று எத்தனை இருக்குமோ. போர்த்தியவர்களை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. மாமி அந்தப் போர்வையால்தான் சில வருசம் கூடுதலாக உயிரோடு இருந்தார். ஆனால் அதே போர்வையால் ஒரு தங்கமான பிள்ளை காய்ச்சலில் ஒரு கிழமை கிடந்ததை ஆரும் அறியாமல் போனது. வீடு வந்து கொப்பியில் அவனுடைய பெயருக்கு நேரே எழுதியிருந்ததை வெட்டி, 'மலேரியா, மருந்து இல்லை' என்று எழுதினேன். மற்றவர்களின் பெயர்களுக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். மைப் பேனையால் போட மனம் வரவில்லை.

திருதியையன்று காலையிலேயே கட்டைபறிச்சானுக்குப் போனேன். மெசின்காரருக்கும் மச்சாள் சொல்லி அனுப்பியிருந்தாள். வெட்டு முடிந்திருந்தது. அவர் வெள்ளைச் சேட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தலைவாழை இலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வழக்கம்போல. அவள் சமையலில் ஒன்றும் குறைக்கவில்லை. ஆனால் எல்லாம் வைத்து முடிந்த பிறகு குசினிக்குள் போய் ஒரு செம்பைக் கொண்டுவந்தாள். மல்லியும் வேர்க்கொம்பும் அவிந்த மணம் எங்களுக்கு முன்னே வந்தது. இலைக்கு வலப்பக்கம், சோற்றுக்கு முதல் கை போகிற இடத்தில், அதை வைத்தாள்.

"காய்ச்சல்காரனுக்குச் சோறு இறங்காது" என்றாள். "முதல் இதைக் குடிக்கட்டும்."

மெசின்காரர் அந்தச் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

காகத்துக்கு வைத்து, அது வந்து எடுத்த பிறகு நாங்கள் பந்தியில் இருந்தோம். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் கேட்டார், "அக்கா, அப்ப இத்தனை வருசமும் சதுர்த்தசியில நீங்கள் வைச்சதை ஆர் சாப்பிட்டிருப்பினம்?"

"அந்தச் சண்டையில உண்மையாவே வெடிபட்டுச் செத்த பொடியளில சிலருக்கு ஆரும் வைச்சிருக்க மாட்டினம். அவங்கள் சாப்பிட்டிருப்பாங்கள்" என்றாள் மச்சாள். அவள் இதை முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்பது குரலில் தெரிந்தது. "இந்த வருசமும் வைப்பன். திடீரெண்டு நிப்பாட்டினால் அவங்களுக்கு ஏமாற்றமாப் போகும்."

"அப்ப ரெண்டு நாள் சமையல்" என்றேன் நான்.

"ஓம். நீங்கள் ரெண்டுக்கும் வந்து சாப்பிடுங்கோ, கணக்குப் பார்க்காமல்."

இலை எடுத்த பிறகு செம்பு மட்டும் அங்கே இருந்தது. நிறைய, இன்னும் லேசான சூட்டோடு. மச்சாள் அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு மெசின்காரரிடம் நீட்டினாள்.

"தம்பி, உங்களுக்கு நெற்தூசியில தொண்டை கட்டியிருக்கு. ஆறமுதல் குடியுங்கோ."

அவர் இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார்.