சும்மா இருக்க வந்த ஹெல்மி ராத்தா

சென்ற செவ்வாய்க்கிழமை நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போது கைத்தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு இலக்கம். ஹெல்மி ராத்தாவின் மகன் பேசினார். அதுவரை அவருடன் நான் கதைத்ததில்லை. "அம்மா இன்று காலை இறந்துவிட்டார். ஏரிக்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அப்படியே போய்விட்டார்" என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, "உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்" என்றார்.

அடுத்து நான் சொல்ல வேண்டியிருந்தது, எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன்போன்ற சைக்கிள் கடை ஆதம்பாவா காக்காவுக்கு. அவர் எங்கள் ஒழுங்கை திரும்பும் முடக்கில் ஒரு டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காக்கா, ஹெல்மி ராத்தா மௌத்தாகிட்டாவாம்."

கையை நிறுத்தினார். "அங்க இப்ப குளிரா?"

"இல்ல காக்கா. இப்ப அங்க வெயில் காலம்."

"அப்ப பரவால்ல" என்றார். பிறகு அந்த டியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஹெல்மி ராத்தாவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரான சாய்ந்தமருதில் அவரை அறியாதவர் குறைவு. ஆனாலும் பின்லாந்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் ஊர் அக்காவைக் கூப்பிடுவதுபோல 'ராத்தா' என்ற பட்டம் எப்படிக் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது.

சுனாமி வந்து மூன்றாம் மாதம் அவர் முதன்முதலாக வந்தார். அவர் நாட்டில் ஒரு நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் கிணறுகளில் ஏறிய உப்பை அளந்து சொல்வதற்காக ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியிருந்தது. நான் ஆங்கில ஆசிரியை. எங்கள் பாடசாலையில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்ததால் வகுப்பு இல்லை. ஆகவே மொழிபெயர்க்கப் போனேன். அந்த நாட்களில் எல்லோரும் கிணறுகளை இயந்திரம் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைக்க இறைக்க நிலத்துக்குள் இருந்து இன்னும் உப்புத்தான் வந்தது. ஹெல்மி ராத்தா அளந்து பார்த்துவிட்டு, "இதை இனி இறைக்க வேண்டாம். மூடி வைத்துவிட்டு மாரி மழைக்கு விடுங்கள்" என்றார்.

நான் அதை மொழிபெயர்த்தேன். ஆதம்பாவா காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கிணத்தப் பாத்துக்கு சும்மா இரு எண்டு செல்லவா இந்த மனிசி இவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டார். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார் ஹெல்மி ராத்தா. நான் கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "ஓம். அதற்குத்தான் வந்தேன்" என்றார். அன்று அவர் தெரிந்து வைத்திருந்த ஒரே தமிழ்ச் சொல் அந்த 'ஓம்'தான்.

அடுத்த வருடம் மாரி ஓய்ந்ததும் திரும்ப அளக்க வந்தார். காக்கா தன் கிணற்றில் வாளியை இறக்கி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, மிச்சத்தை அவரிடம் நீட்டினார். "நல்ல தண்ணியா இரிக்கி" என்றார். அந்தத் தண்ணீரிலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அளக்கும் கருவியை ஹெல்மி ராத்தா அன்று வெளியில் எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் இருந்துதான் அவர் அந்த விஷயத்தை முதலில் சொன்னார். மார்கழியில் அவர்கள் ஊரில் சூரியன் ஒன்பதரைக்கு வருமாம், மூன்று மணிக்குப் போய்விடுமாம். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. கணவர் காலமாகிப் பல வருடம். மகன் வளர்ந்துவிட்டார். "முழு ஓய்வூதியம் வேண்டுமென்றால் இன்னும் பத்துக் குளிர்காலம் நான் உழைக்க வேண்டும். றஸீனா, எனக்கு அந்தப் பத்தும் வேண்டாம். இங்கே வாடகைக்கு ஒரு வீடு கிடைக்குமா?"

என் கணவர் லத்தீப் வான் ஓட்டுபவர். அவர்தான் பதில் சொன்னார். "இப்ப வராதீங்க மேடம். ரோட்டுல ஒவ்வொரு முடக்கிலயும் செக்கிங். சண்டை மறுகாத் தொடங்கப் போகுது எண்டு கதைக்கிறாங்க." அவர் சொன்னதுபோலவே நடந்தது. ஹெல்மி ராத்தா போய்விட்டார். ஆனால் மாதாமாதம் தொலைபேசி எடுத்து என்னிடம் தமிழ் படிப்பார்; ஒவ்வொரு மார்கழியிலும், "அங்கே இன்று வெயிலா?" என்று கேட்பார். மழை கொட்டினாலும் நான் வெயில் என்றுதான் சொல்வேன்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் அவர் குரல் வேறுமாதிரி இருந்தது. அன்று காலை அரை மணி நேரம் பனியைத் தோண்டிக் காரை வெளியில் எடுத்தாராம். பார்த்தால் அது பக்கத்து வீட்டாரின் கார். "அதற்குப் பிறகு என் காரைத் தோண்டவில்லை. நடந்து போய் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் படித்த பிள்ளை, படிக்காத பிள்ளை எல்லாம் எப்படியாவது வெளியில் போய்விடத் துடித்துக்கொண்டிருந்த காலம். இவர் எதிர்ப்பக்கமாக வருகிறார். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அவரை ஏற்றப் போன லத்தீப்பின் வானில்தான் எதிர்வீட்டுப் பிள்ளை கட்டாருக்குப் போனான். அவனை இறக்கிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். விமான நிலைய வாசலில் இருவரும் சந்தித்தார்களாம். "நீங்க இரிந்த நாட்டுக்குப் போற வழி என்ன எண்டு அவன் கேட்டான். இஞ்ச வாற வழி என்ன எண்டு அவ கேட்டா" என்று லத்தீப் வந்து சொன்னார்.

வீடு ஒன்றுதான் இருந்தது. என் தங்கை பரீதாவின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். வாப்பா அவளுக்குக் கட்டிய வீடு அது, கடற்கரைக்கு முந்நூறு யார் தூரம். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதன் முற்றத்தில் நின்றாள். வீடு நின்றது. அவள் இல்லை. சுவர்களைத் திருத்தினோம், பூட்டினோம். ஐந்து வருடமாக நான் திறக்கவில்லை. ஹெல்மி ராத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த நாள், "நீ திறக்க விரும்பினால் மட்டும் திற. இல்லாவிட்டால் நான் வேறு இடம் பார்க்கிறேன்" என்றார். நான் திறந்தேன். இருவரும் சேர்ந்து இரண்டு நாள் கழுவினோம்.

ஆனால் பள்ளிவாசல் நிர்வாக சபையின் சம்மதம் இல்லாமல் அது நடக்காது. ஹெல்மி என்று ஒருவர் பரீதாவின் வீட்டுக்குக் குடிவருகிறார் என்று லத்தீப் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஹில்மி என்பது எங்கள் ஊரில் ஆண் பெயர். யாரோ வெளியூர் முஸ்லிம் ஆள் என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நரைத்த தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹெல்மி ராத்தா என்னோடு சபைக்குள் வந்ததும், தலைவர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஹில்மி எங்க?" என்று கேட்டார்.

விசாரணை தொடங்கியது.

"இஞ்ச என்ன தொழில் செய்யப் போறீங்க?"

"தொழில் விட்டுட்டன்" என்றார் ஹெல்மி ராத்தா. நான்கு வருடமாகத் தொலைபேசியில் என்னிடம் படித்த தமிழ்.

"அமைப்பு ஏதும் நடத்துறீங்களா? மதம் பரப்பவா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு வந்த?"

அவர் யோசித்தார். சரியான சொல்லைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் உதவ வாய் திறப்பதற்குள், "சும்மா இருக்க" என்றார்.

அப்படி ஒரு நோக்கத்தோடு யாரும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. அப்போது வாசலில் நின்ற ஆதம்பாவா காக்கா உள்ளே வந்தார். "இந்த மனிசி சும்மா இரு எண்டு செல்லித்தான் என்ட கிணறு நல்லாகின. அவ இரிக்கட்டும்" என்றார். தலைவர் சிரித்துவிட்டார். அதோடு விசாரணை முடிந்தது. அன்றிலிருந்து ஊரே அவரை ராத்தா என்று கூப்பிட்டது.

ஆறு வருடம் எங்களோடு இருந்தார். உடம்பை மூடி உடுத்தினார், நோன்பு காலத்தில் பகலில் வெளியில் எதுவும் சாப்பிடமாட்டார். ஆனால் அவர் அவராகவே இருந்தார். மேற்கிலிருந்து சுடச்சுட வரும் கச்சான் காற்று முதல் தடவை வீசியபோது அனலில் வெந்து, இரண்டு காலையும் தண்ணீர் பேசினில் வைத்துக்கொண்டு இருந்தார். "எப்படி ராத்தா?" என்று கேட்டேன். "குளிரைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கமாட்டேன்" என்றார். ஆனாலும் அடுத்த வருடத்திலிருந்து அந்தக் காற்றுக் காலத்தில் மட்டும் மகனிடம் போய்விடுவார். மாரி வந்தால் நாங்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நடுங்குவோம். அவர் மெல்லிய சட்டையோடு திரிவார். "தடிமன் புடிக்கும், உள்ளுக்குப் போங்க" என்று காக்கா அதட்டுவார். பனியில் பிறந்தவருக்கு அந்த அதட்டல் மிகவும் பிடிக்கும்.

சும்மா இருக்க வந்தவர் ஒரு வேலையை மட்டும் விடவில்லை. தினமும் விடியும் நேரம், வெள்ளாப்பில், கடற்கரைக்குப் போய், ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் பிடித்து, சூட்டை ஒரு கொப்பியில் எழுதுவார். "தொழில் விட்ட எண்டு சொன்ன நீங்க" என்று நான் பகிடி பண்ணினேன். "இது வேலை இல்லை. எவ்வளவு சூடான கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்" என்றார். என்னை ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை. சுனாமிக்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். முந்நூறு யார் தூரத்தில் அதன் சத்தம் கேட்கும். நான் வானொலியைக் கூட்டிவைப்பேன்.

முதல் மாரியில் அவருக்குக் காய்ச்சல். கஞ்சி கொண்டு போனேன். படுத்திருந்தபடியே, "ஒரு நாள் விட்டுப்போகப் போகிறது" என்று கொப்பியைப் பார்த்தார். அவ்வளவுதான் சொன்னார். நான் வெப்பமானியை எடுத்துக்கொண்டு வெளியில் இறங்கிவிட்டேன். பாதி வழியில்தான் எங்கே போகிறேன் என்பது உறைத்தது. திரும்பவில்லை. கரையில் இரண்டு தோணிகள் கிடந்தன. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அலை வந்து காலில் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். பரீதாவும் நானும் சின்ன வயதில் இதே இடத்தில் சிப்பி பொறுக்கியதும் ஞாபகம் வந்தது. அழுதேன். அழுதுகொண்டே அளந்தேன்.

"எத்தனை?" என்று கேட்டார், நான் திரும்பி வந்ததும்.

"இருபத்தேழரை."

எழுதிக்கொண்டார். என் உடுப்பின் நனைந்த விளிம்பைப் பார்த்தார். கஞ்சியில் பாதியை எனக்குத் தந்தார்.

பல மாதம் கழித்து, "உண்மையைச் சொல்லுங்க ராத்தா, அண்டைக்கு உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்டேன். "முப்பத்தெட்டு புள்ளி நான்கு. அதையும் அளந்தேன்" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன், அறுபதுவரை காத்திராமல் ஐம்பத்தைந்திலேயே நானும் ஓய்வு பெற்றேன். ஊரில் பலருக்கு அது புதிராக இருந்தது. ஹெல்மி ராத்தா மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நல்ல காலை நேரங்கள் நிறைய இருக்கின்றன" என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் கரைக்குப் போனோம். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமை யாரையோ இழந்த பெண்கள். இப்போது நாங்கள் எட்டுப் பேர்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று இந்த நான்கு நாளாக யோசிக்கிறேன். அவருடைய சாமான்களை என்ன செய்வது என்று மகன் கேட்டபோது, எதையும் அனுப்ப வேண்டாம், நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள் என்று சொன்னேன். மார்கழியில் வருகிறாராம். பரீதாவின் வீட்டை நான் இனிப் பூட்டப் போவதில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது கடல். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கடலை, எங்கேயோ பனிக்குள் பிறந்த ஒருவர் வந்து எனக்குத் திருப்பித் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அனுதாபக் கூட்டம் வைக்க வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். அவர் பேச்சுக் கேட்பதில் விருப்பமுள்ளவர் அல்லர். வரும் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஸுபஹ் தொழுதபின் கரைக்கு வாருங்கள். கதிரை வேண்டாம், மணல் காய்ந்திருக்கும். தேநீர் ஆதம்பாவா காக்கா கொண்டுவருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வையுங்கள், அது போதும்.